மாத்திரை ஒரு கையில், மாசுநீர் மறு கையில்!

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கோடியிலே நமீபியா என்றொரு நாடு. அதன் தலைநகர் விண்ட்ஹூக். மழை அருகிய மண். ஆண்டெல்லாம் ஓடும் ஆறு அந்த நாட்டின் எல்லைகளிலே உண்டே தவிர, தலைநகரின் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. அங்கே 1968-ஆம் ஆண்டிலேயே ஓர் அருஞ்செயல் புரிந்தார்கள். நகரத்துக் கழிவுநீரை எடுத்து, தெளிய வைத்து, வடிகட்டி, கிருமி போக்கி, மீண்டும் குடிநீர்க் குழாயிலேயே அனுப்பும் ஆலை ஒன்றைக் கோரியங்காப் என்ற இடத்தில் நிறுவினார்கள். உலகத்திலே அதுதான் முதலாவது. 2002-இல் அதைவிடப் பெரிய புதிய ஆலை எழுந்தது. நகரின் குடிநீரில் ஏறத்தாழக் கால் பங்கு அந்த வழியே வருகிறது. அயல்நாட்டுப் பொறியாளர்கள் வந்து பார்க்கிறார்கள், வியக்கிறார்கள். வியக்கட்டும், நாமும் வியக்கிறோம். சாக்கடையைக் குடிநீராக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்பது நமக்கும் பெருமைதானே!

அதே கோரியங்காப் என்ற பெயரில் ஒரு குடிசைப் பகுதியும் அந்நகரில் இருக்கிறது. ஹவானா என்று இன்னொன்றும் இருக்கிறது. தகரத்தால் சுவர், தகரத்தால் கூரை. கக்கூசு இல்லாத குடும்பங்கள் ஏராளம். புதர் மறைவும் வறண்ட ஓடைப் படுகையும்தான் கழிப்பிடம். குடிநீருக்குப் பொதுக்குழாய். அந்தக் குழாயும் சும்மா திறக்காது. முன்பணம் கட்டி, அட்டை வாங்கி, அதைக் காட்டினால்தான் தண்ணீர் விழும். காசு தீர்ந்த வீட்டில் குடமும் காலி.

2017-இன் பிற்பகுதியிலே அந்தக் குடிசைகளிலிருந்துதான் காமாலை புறப்பட்டது. கண் மஞ்சளித்து, குமட்டல் எடுத்து, சோறு இறங்காமல், எழுந்து நிற்கவும் இயலாமல் மக்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டாக்டர்கள் இரத்தத்தைச் சோதித்து, இது ஹெபடைடிஸ் 'ஈ' என்று சொன்னார்கள். சர்க்கார் அறிவிப்பு வந்தபோதே பிள்ளை பெற்ற ஒரு தாய் மாண்டிருந்தாள். தலைநகரோடு நிற்கவில்லை அந்நோய். கடற்கரை நகரமான ஸ்வாகோப்முண்டின் குடிசைப் பகுதிக்குத் தாவியது. வடக்கே கிராமங்களுக்கு ஏறியது. 2022 வரை இழுத்தடித்தது. எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கர்ப்பிணிகளும், அப்போதுதான் பிள்ளை பெற்றவர்களும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த நோய் கண்டால் ஐந்தில் ஒருத்தி வரை சாகக் கூடும் என்பது மருத்துவ உலகம் நெடுநாளாய் அறிந்த கணக்கு.

தூர தேசத்துச் சேதியை எதற்காக நமது ஏட்டில் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்று தோழர்கள் கேட்கலாம். எழுதக் காரணம் உண்டு. நமீபியா எச்.ஐ.வி.யால் கடுமையாகத் தாக்கப்பட்ட நாடு. 2017-இல் அங்கே எடுத்த கணக்கின்படி 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 12.6 பேருக்கு அந்த வைரஸ் இருந்தது. எட்டுப் பேர் நிற்கும் வரிசையில் ஒருவர்! ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்லிற்று. எச்.ஐ.வி. உள்ளவர்களில் 100-க்கு 77 பேரிடம் அந்த வைரஸ் மருந்தால் அடங்கிக் கிடந்தது. செல்வம் கொழிக்கும் நாடுகளே பொறாமைப்படத்தக்க சாதனை. அன்றாடம் மாத்திரை, ஊர்தோறும் சிகிச்சை நிலையம், தேடிப் போய்ச் சோதனை. இதைச் செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறோம்.

பாராட்டிவிட்டுக் கேட்கிறோம்: மாத்திரை வந்த வீட்டுக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை? அந்த மாத்திரையை எந்தத் தண்ணீரோடு விழுங்கச் சொன்னீர்கள்?

இந்தக் கேள்வியின் கனம் புரிய வேண்டுமானால் நோயைப் பற்றிக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். காமாலை என்றால் நம்மவர்களுக்குக் கீழாநெல்லி நினைவுக்கு வரும். காமாலை தனியொரு நோயல்ல. ஈரல் கெட்டது என்பதற்கு உடம்பு காட்டும் அடையாளம். ஈரலைக் கெடுக்கும் வைரஸ்களுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பி, சி இரண்டும் இரத்தத்தின் வழியே வருபவை. ஏயும் ஈயும் வாய் வழியே நுழைபவை. நேராகச் சொன்னால், ஒருவன் மலத்திலிருந்து இன்னொருவன் குடிக்கும் தண்ணீருக்கு வருபவை. சொல்லவே கூசுகிறது. குடிப்பவன் கூசவில்லையே, அவனுக்குத் தெரியாதே!

இந்த 'ஈ' தன் கைவரிசையைப் பெரிதாகக் காட்டியது நம் நாட்டின் தலைநகரில்தான். 1955-இல் யமுனையில் வெள்ளம் வந்து வடிந்தபோது ஆற்றின் போக்கு மாறியது. நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை, வஜீராபாத்தில் டில்லிக்குக் குடிநீர் எடுக்கும் வாய்க்கே வந்து சேர்ந்தது. பொறியாளர்கள் பதறிப் போய்க் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டும் வயிற்றுக்கடுப்பும் தலைதூக்கவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்கள். சில வாரங்கள் கழிந்தன. டிசம்பரிலும் ஜனவரியிலும் காமாலை வெடித்தது. ஏறத்தாழ 29,000 பேர்! அது என்ன வைரஸ் என்று அன்று யாருக்கும் தெரியாது. சேமித்து வைத்திருந்த இரத்தத்தை 1980-இல் சோதித்த பிறகே ஏயும் அல்ல, பியும் அல்ல என்று கண்டார்கள். அதற்கிடையே 1978-இல் காஷ்மீரத்துப் பள்ளத்தாக்கிலும் அது வந்தது. அங்கே முகமது சுல்தான் குரூ என்ற மருத்துவர் வீடு வீடாக ஆய்ந்து, இது தனியொரு நோய் என்று எழுதினார். 1983-இல் சோவியத் விஞ்ஞானி மிகயீல் பலயான் செய்ததைக் கேட்டால் மெய் சிலிர்க்கும். ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட போர்வீரர்களின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே குடித்தார். நோயுற்றார். தம் மலத்திலேயே அந்த வைரஸைக் கண்ணாடியின் கீழ்க் கண்டு காட்டினார். அறிவு அப்படித்தான் வளர்ந்தது. ஒருவன் தன் ஈரலைப் பணயம் வைத்து வளர்த்தான்.

சரி, எச்.ஐ.வி. உள்ளவரிடம் இந்த 'ஈ' என்ன செய்கிறது?

இங்கே பீதி கிளப்புவோர் இருக்கிறார்கள். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்வோம். எச்.ஐ.வி. உள்ளவரை இந்த வைரஸ் தேடித் தேடிப் பிடிக்கிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில் ஆய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட அவர்களிடம் 'ஈ'யின் தடம் கூடுதலாக இல்லை. நல்ல உடம்பில் அது சில வாரங்கள் இருக்கும், போய்விடும். பெரும்பாலோர் தாமே தேறிவிடுவார்கள். வேறுபாடு வருவது உடம்பின் காவற்படை நொறுங்கியிருக்கும்போது. சி.டி.4 என்ற வெள்ளணுக்களே அந்தக் காவற்படை. நலமான உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை 500-க்குக் குறையாமல் இருக்கும். எச்.ஐ.வி. அவற்றைத் தின்று தின்று 200-க்கும் கீழே இறக்கிவிடும்போது, வந்த விருந்தாளி போக மறுக்கிறான். கார்ன்வாலில் அப்படி ஒருவரைக் கண்டார்கள். ஓராண்டுக்கு மேல் அவர் இரத்தத்தில் 'ஈ' குடியிருந்தது. மாற்று உறுப்புப் பொருத்தப்பட்டு, அதற்காக எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருந்தவர்களிடம் இதே சங்கதியை பிரான்சு நாட்டின் துலூஸ் நகரில் அதற்கு ஓராண்டு முன்பே கண்டிருந்தனர். குடியிருக்க விட்டால் ஈரல் சுருங்கித் தழும்பேறிப் போகிறது. குடிக்காதவனுக்கும் குடிகாரன் ஈரல்!

ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. தோழர்கள் பொறுத்துக் கேட்க வேண்டும். 'ஈ'யில் பல வகை. 1, 2 என்பவை மனிதனிடம் மட்டும் வாழ்ந்து, தண்ணீரில் பரவுபவை. டில்லியிலும் விண்ட்ஹூக்கிலும் வந்தவை இந்த இனம். 3, 4 என்பவை பன்றியிடமிருந்தும் காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றிடமிருந்தும் வேகாத இறைச்சி, ஈரல் வழியாக வருபவை. ஐரோப்பாவில் கண்டது மூன்றாம் வகை. உடம்பில் நிலையாகத் தங்கியதாகக் கண்டவற்றில் பெரும்பாலானவை இந்த விலங்கு வழி வந்தவையே. அப்படியானால் ஹவானாவின் குடிசைவாசிக்குக் கவலை இல்லையா? உண்டு. அவர்களில் பலருக்கு ஹெபடைடிஸ் 'பி'யும் கூடவே இருக்கிறது. மதுவால் ஈரல் புண்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே பழுதான ஈரலின் மேல் 'ஈ' விழுந்தால் சில நாட்களில் ஈரல் அடியோடு செயலிழக்கக் கூடும். தங்குவதற்கு அதற்கு நேரமே தேவையில்லை. எச்.ஐ.வி.யோடு வாழும் கர்ப்பிணியின் நிலையை நாம் விரித்துச் சொல்ல வேண்டுமா?

இன்னொரு கண்ணி இருக்கிறது. எச்.ஐ.வி. மருந்துகளில் சில ஈரலைச் சற்றே தொல்லைப்படுத்துபவை. ஆகவே மாத்திரை சாப்பிடுபவரின் ஈரல் சோதனையில் கோளாறு தெரிந்தால், 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்ற முடிவுக்கு வருவது எளிது. உண்மையில் தண்ணீரில் வந்த 'ஈ'யாக இருக்கலாம். மருந்தை நிறுத்தினால்? சி.டி.4 சரியும், காவற்படை கலையும், எந்த வைரஸை வெளியேற்ற வேண்டுமோ அதற்கே பாய் விரித்துக் கொடுத்ததாகும். எச்.ஐ.வி. மருந்து வேலை செய்து சி.டி.4 ஏறினாலே 'ஈ' தானாக வெளியேறுவதும் உண்டு. ஏறியும் போகாவிட்டால் ரிபாவிரின் என்ற மாத்திரையை மூன்று மாதம் போலக் கொடுக்கிறார்கள். ஆக, எச்.ஐ.வி. மாத்திரையே முதல் கேடயம். மருத்துவர் சொல்லாமல் அதைக் கீழே வைக்கக் கூடாது.

கண்டுபிடிப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. சாதாரணமாக இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்து நோயை அறிவார்கள். காவற்படையே கலைந்த உடம்பில் எதிர்ப்பொருள் எங்கிருந்து வரும்? சோதனை 'இல்லை' என்று சொல்லும். வைரஸ் உள்ளே உட்கார்ந்து சிரிக்கும். ஆகையால் வைரஸையே தேடும் பி.சி.ஆர். சோதனை வேண்டும். 2020-இல் கொரோனா வந்தபோது தெருமுனையில் நின்று நாமெல்லாம் மூக்கைக் காட்டிய அதே முறைதான். காரணம் தெரியாமல் ஈரல் கோளாறு கண்டால், எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு இந்தச் சோதனை செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஈரல் மருத்துவர் சங்கம் 2018-இல் எழுதி வைத்தது. ஐரோப்பியனுக்கு எழுதியது ஆப்பிரிக்கனுக்கும் ஆசியனுக்கும் பொருந்தாதா?

இனி அந்தக் குடிசைகளின் கதைக்கு வருவோம். அவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. தென்னாப்பிரிக்க வெள்ளையர் அந்நாட்டை ஆண்ட காலத்தில், விண்ட்ஹூக்கின் கறுப்பு மக்கள் 'பழைய குடியிருப்பு' என்ற இடத்தில் வாழ்ந்தனர். வெள்ளையன் வீட்டுக்கு அருகில் அவர்கள் இருக்கலாகாது என்று ஊருக்கு வெளியே துரத்தினர். மறுத்துக் கிளர்ந்த மக்கள்மீது 1959 டிசம்பர் 10-ஆம் நாள் துப்பாக்கி பேசியது. பத்துக்கு மேற்பட்டோர் பிணமாயினர். துரத்தப்பட்ட இடத்திற்கு மக்களே பெயர் வைத்தார்கள், கட்டுத்துரா என்று. 'நாங்கள் குடியிருக்க விரும்பாத இடம்' என்று அதற்குப் பொருள். 1990-இல் நாடு விடுதலை பெற்றது. நடமாடத் தடையில்லை; வடக்கேயிருந்து பிழைப்புத் தேடி உழைப்பாளி மக்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு நகரத்துக்குள் நிலம் ஏது? அந்தக் கட்டுத்துராவுக்கும் அப்பால், குன்றுச் சரிவுகளில் தகரத்தை நட்டார்கள். நகரைக் கட்டியவனும், நகரைக் கூட்டியவனும், நகரத்தார் வீட்டில் சமைத்தவளும் அங்கேதான் உறங்கினார்கள். வெள்ளையன் போய் முப்பதாண்டு ஆகியும் அவன் போட்ட கோட்டின் மேல்தான் தண்ணீர்க் குழாய் போகிறது, நிற்கிறது.

நோய் பரவியதும் அங்கே சொன்ன புத்திமதி என்ன? கையைச் சோப்பால் கழுவு. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. நல்ல புத்திமதி. நாமும் அதையே சொல்வோம். கொதித்த நீரில் இந்த வைரஸ் பிழைப்பதில்லை. ஆனால் கழுவத் தண்ணீர் அட்டையில் இருக்க வேண்டும், கொதிக்க வைக்க விறகோ எண்ணெயோ வீட்டில் இருக்க வேண்டும். நாள் கூலிக்காரன் சோற்றுக்கு எரிப்பானா, தண்ணீருக்கு எரிப்பானா? இருப்பவன் இல்லாதவனுக்குச் சொல்லும் சுகாதாரப் பாடம் பல நேரங்களில் இப்படித்தான் முடிகிறது.

பணமில்லை என்பார்கள் ஆளுவோர். நம்ப முடியவில்லை. சாக்கடையைக் குடிநீராக்கும் ஆலைக்கு 1968-இல் பணம் இருந்தது, 2002-இல் பணம் இருந்தது. நாடெங்கும் மாத்திரை கொண்டு சேர்க்கவும் பணம் கிடைத்தது. அயல்நாட்டு உதவியும் கிடைத்தது. மாத்திரைக்கு உதவி தர வருகிறவன் கக்கூசுக்கு உதவி தர வருவதில்லை என்பதுதான் உண்மை. மாத்திரையை எண்ணலாம், அறிக்கையில் காட்டலாம். கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் போய்விடுகிறதே, அதைப் படமெடுக்க முடியாதே!

தடுப்பூசி இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது. சீனாவின் ஜியாங்சு மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு சோதித்து, 2011-இல் அந்நாடு அனுமதி தந்தது. ஆறு மாதத்தில் மூன்று ஊசி. ஆனால் நோய் வெடித்த இடத்தில் அதை முதன்முதலாகப் போட்டது எப்போது தெரியுமா? 2022-இல், தெற்கு சூடானின் பெண்டியுவில், உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் முகாமில்! இடையிலே பதினோரு ஆண்டுகள். விண்ட்ஹூக்கில் தாய்மார் மாண்ட ஆண்டுகள் எல்லாம் அந்தப் பதினொன்றுக்குள் அடக்கம். கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் இது எப்படிப் பயன்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிற்று. யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடமே சான்று இல்லை! ஏழைக்கு வரும் நோய்க்கு ஆராய்ச்சி நொண்டி நடப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்லவே.

நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நமது ஆலைகளிலும், லாரிப் பட்டறைகளிலும், சுமை தூக்கும் பேட்டைகளிலும் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே உழைக்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பலர் வாய் திறப்பதில்லை. திறந்தால் தனித் தம்ளர் வைப்பார்களோ, சீட்டைக் கிழிப்பார்களோ என்ற அச்சம். அச்சத்துக்கு இடமில்லை என்று சட்டம் சொல்கிறது. 2017-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிறைவேறிய எச்.ஐ.வி. சட்டம், அதைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதையும் பாகுபாடு செய்வதையும் தடை செய்கிறது. ஒருவர் நிலையை அவர் இசைவின்றி வெளியிடவும் விடுவதில்லை. தம்ளரால் எச்.ஐ.வி. பரவாது. அந்தத் தம்ளரில் உள்ள தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அங்கேதான் ஆராய வேண்டியது இருக்கிறது. தொட்டி எப்போது கழுவப்பட்டது? குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் புகுந்து போகிறதா? குளோரின் பார்த்தார்களா? டில்லியின் பாடத்தையும் மறக்க வேண்டாம். சாக்கடை கலந்தபின் குளோரினைக் கொட்டியது 'ஈ'யை நிறுத்தவில்லை. கலக்காமல் காப்பதே முதல் வேலை.

சங்கத்துத் தோழர்கள் நகரசபைக்கு மனுக் கொடுக்கும்போது தெருவிளக்கோடும் சாலைக் குழியோடும் நிறுத்திவிடாமல், இந்தக் கேள்விகளையும் எழுதிக் கொடுக்கட்டும். மாத்திரை உண்ணும் தோழர் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், அவராக மருந்தை நிறுத்திவிட்டு நாட்டு வைத்தியரைத் தேடி ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாம் நம்பும் ஒருவரையாவது கூட அழைத்துக்கொண்டு, மாத்திரை வாங்கும் அதே அரசு ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போகட்டும். 'பி' பார்த்தோம், 'சி' பார்த்தோம், ஒன்றுமில்லை என்று அங்கே சொன்னால், 'ஈ'க்குப் பி.சி.ஆர். எடுத்தீர்களா என்று கேட்கட்டும்.